உரைகல்லும் செக்கும்

தோற்கப்போவது ஏறக்குறைய உறுதி என்று தெரிந்தே ஓர் அணி தன்னைவிடப் பலமான அணியைத் தேடிப் போய் ஆட வேண்டுமா? அமெரிக்கக் கல்லூரிகளின் லாக்ரோஸ் கிளப்புகள் ஆண்டுதோறும் இந்தக் கேள்விக்கு ஏதோ ஒரு விடையை வைத்துக்கொண்டுதான் அட்டவணை போடுகின்றன. நுனியில் வலைப்பை கட்டிய கோலால் கெட்டியான ரப்பர் பந்தை ஏந்தியும் எறிந்தும் பிடித்தும் ஆடும் ஆட்டம் லாக்ரோஸ். பக்கத்துக்கு 10 பேர், மொத்தம் 60 நிமிடம், ஓட்டமும் மோதலும் ஓயாத ஆட்டம். பல்கலைக்கழகமே பணம் போட்டு, பயிற்சியாளரை அமர்த்தி, உதவித்தொகை கொடுத்து நடத்தும் அணிகள் ஒரு வகை. கிளப் அணி அப்படியல்ல. அங்கே மாணவர்கள் தாங்களே சந்தா கட்டி ஆடுகிறார்கள். பெரிய கிளப்புகளில் ஒரு பருவத்துக்கு ஒருவர் கட்டுவது சில ஆயிரம் டாலர். 2006-இல் உருவான ஆண்கள் கல்லூரி லாக்ரோஸ் சங்கம், சுருக்கமாக எம்.சி.எல்.ஏ., இந்தக் கிளப்புகளைப் பிரிவுகளாகப் பிரித்து நாடு முழுவதும் போட்டி நடத்துகிறது. பிப்ரவரியில் தொடங்கும் பருவம் மே மாதத் தேசியப் போட்டியில் முடியும். மண்டலப் பட்டம் வென்ற அணிகளுக்கு அதில் நேரடி இடம் உண்டு. மிச்ச இடங்களுக்குப் போட்டியிடும் அணிகளைப் பார்த்து, எத்தனை ஆட்டம் வென்றீர்கள் என்று மட்டும் கேட்பதில்லை. யாரோடு ஆடினீர்கள் என்றும் கேட்கிறார்கள். அதனால் எளிய அணிகளை வரிசையாக வென்றவர்களைவிட, வலிய அணியிடம் ஓரிரு கோல் வித்தியாசத்தில் தோற்றவர்களுக்கு மதிப்பு கூடிவிடுவதும் உண்டு. 

ஆகவே கடினமான அட்டவணை லாபமா நட்டமா என்பதைத் தரவரிசைக் கணக்காகப் பேசுவது எளிது. அந்தக் கணக்குக்குக் கீழே அதைவிடப் பழைய கேள்வி ஒன்று கிடக்கிறது. துன்பத்துக்குத் தனக்கென்று ஒரு மதிப்பு உண்டா? கடினமானது என்பதாலேயே ஒன்று நல்லதாகிவிடுமா? கிட்டத்தட்ட எல்லாச் சமயங்களும் இதைக் கேட்டிருக்கின்றன. தவம், நோன்பு, யாத்திரை எல்லாமே இதற்குச் சொல்லப்பட்ட விடைகள்தாம். விளையாட்டு உலகம் இந்தக் கேள்வியைக் கேட்காமலே விடையை மட்டும் எடுத்துக்கொண்டது: வருத்திக்கொள், உயர்வாய். கிளப் லாக்ரோஸில் இது எங்கே தடுமாறுகிறது என்றால், 'கடினமான அட்டவணை' என்ற ஒரே சொற்றொடருக்குள் இரண்டு வேறு கடினங்கள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று எதிரணியின் கடுமை. மற்றது நாள்காட்டியின் கடுமை: வெள்ளி இரவு ஓர் ஊரில் ஆட்டம், ஞாயிறு பகல் இன்னோர் ஊரில் ஆட்டம், நடுவில் பேருந்து, திங்கள் காலை தேர்வு. முன்னது பொன்னை உரசிப் பார்க்கும் உரைகல். பின்னது செக்கு, உள்ளே போட்டதைப் பிழிந்தெடுப்பதைத் தவிர அதற்கு வேறு வேலை தெரியாது. உரைகல்லுக்கு உரிய மரியாதையைச் செக்குக்கும் சேர்த்துக் கொடுத்துவிடுகிறோம். தவறு அங்கேதான் நேர்கிறது என்பது என் வாதம்.

முதலில் உரைகல்லின் பக்கத்தைப் பேச வேண்டும், ஏனென்றால் அதன் நியாயம் பலமானது. பெர்னார்ட் சூட்ஸ் என்ற தத்துவவாதி 1978-இல் வெளியிட்ட 'தி கிராஸ்ஹாப்பர்' என்ற நூலில் விளையாட்டுக்கு ஓர் இலக்கணம் வகுத்தார். தேவையில்லாத தடைகளை விரும்பி ஏற்றுக்கொண்டு அவற்றைத் தாண்ட முயல்வதுதான் விளையாட்டு என்பது அதன் சாரம். பந்தை வலைக்குள் சேர்ப்பது மட்டுமே நோக்கம் என்றால் கையால் எடுத்துப் போட்டுவிடலாம், யாரும் இல்லாத நேரத்தில் போய்ப் போடலாம். கோல் வேண்டும், விதி வேண்டும், குறுக்கே நிற்க ஆள் வேண்டும் என்று நாமே கேட்டு வாங்கிக்கொள்கிறோம். அப்படியானால் எதிரணியை இடையூறு என்று சொல்வது பொருந்தாது. எதிரணி இல்லாவிட்டால் ஆட்டமே இல்லை. ரோமானிய ஸ்டோயிக் தத்துவவாதிகள் இதே இடத்துக்கு வேறு வழியில் வந்தார்கள். வாழ்க்கையின் இக்கட்டை, கடவுள் என்ற பயிற்சியாளர் நமக்கு இணையாக நிறுத்தும் முரட்டு மல்லனாகப் பார்க்கச் சொன்னார் எபிக்டெட்டஸ். தன்னைவிடத் தாழ்ந்தவனோடு மோதவிடுவதை வாள்வீரன் இழிவாக நினைப்பான் என்றார் செனெகா. பலமான அணியைத் தேடிப் போகும் கல்லூரி மாணவன் அறிந்தோ அறியாமலோ இவர்கள் பேச்சைத்தான் கேட்கிறான். தன் ஆட்டத்தைப் பற்றி அவன் தனக்குச் சொல்லிக்கொள்ளும் கதை உண்மையா என்று சொல்லக்கூடிய ஒரே ஆள், அவனைத் தோற்கடிக்கக்கூடியவன்.

ஆனால் இந்த ஆட்டம் ரோமிலிருந்து வந்ததல்ல. வட அமெரிக்கப் பழங்குடிகளின் ஆட்டம் இது. பதினேழாம் நூற்றாண்டில் அங்கே சென்ற பிரெஞ்சு ஏசு சபைப் பாதிரியார்கள் அதைக் கண்டு எழுதி வைத்தார்கள். இன்றைய பெயரும் பிரெஞ்சுப் பெயர். 1860-களில் மான்ட்ரியலைச் சேர்ந்த வில்லியம் ஜார்ஜ் பியர்ஸ் என்ற பல் மருத்துவர் அதற்கு எழுத்து வடிவில் விதிகள் வகுத்தார். ஹோடெனொஷோனி மக்கள், அதாவது இரோக்குவா கூட்டமைப்பினர், இன்றும் இதைப் படைத்தவனின் ஆட்டம் என்றே சொல்கிறார்கள். படைத்தவன் கண்டு மகிழ ஆடுவது. நோயுற்றவர் குணமாகவும் சமூகத்தின் மனம் தேறவும் ஆடுவது. அப்படி மருந்தாக ஆடும்போது எந்தப் பக்கம் வென்றது என்பது முக்கியமில்லை, ஆனால் முழு மூச்சாக ஆடவேண்டும். இது சிந்திக்க வேண்டிய இடம். வெற்றி முக்கியமில்லை என்றால் எதற்காக முழு மூச்சு? எதிரே நிற்பவனும் அதே காணிக்கையைத்தான் கொண்டுவந்திருக்கிறான் என்பதால். அவன் தளர்ந்து ஆடினால் உன் காணிக்கையும் குறைபட்டுப்போகும். இருவரும் சேர்ந்து ஒன்றைப் படைக்கிறார்கள். மோதல் அந்தப் படையலின் வடிவம். ஸ்டோயிக்கின் பார்வையில் எதிராளி எனக்குப் பயிற்சி தரும் கருவி. ஹோடெனொஷோனி பார்வையில் அவன் என்னோடு சேர்ந்து வழிபடுகிறவன். இரண்டாவது பார்வையே ஆழமானது என்று நினைக்கிறேன். கருவியைப் பயன்படுத்திவிட்டு வைத்துவிடலாம். கூட வழிபடுகிறவனுக்கு நாம் கடமைப்பட்டவர்கள்.

தரவரிசைக் கணக்குகூட ஓரளவு இதை ஒப்புக்கொள்கிறது என்பது எனக்கு வியப்பைத் தருகிறது. அமெரிக்கப் பல்கலைக்கழக அணிகளை மதிப்பிட நெடுங்காலம் பயன்பட்ட ஆர்.பி.ஐ. என்ற சூத்திரத்தில் ஓர் அணியின் சொந்த வெற்றி விகிதத்துக்கு 25 சதவீத எடைதான். அந்த அணி எதிர்கொண்ட அணிகளின் வெற்றி விகிதத்துக்கு 50 சதவீதம். அந்த அணிகள் எதிர்கொண்ட அணிகளின் விகிதத்துக்கு மீதி 25. உன் மதிப்பில் முக்கால் பங்கு பிறர் கையில்! யாரோடு மோதினாயோ அவர்களால்தான் நீ யார் என்பது தீர்மானமாகிறது என்ற உறவு, பூச்சுப் பூசாத எண்களாக அங்கே நிற்கிறது.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் வரலாறு இங்கே நல்ல சான்று. அதன் கிளப் அணி 2008, 2009, 2010 என்று தொடர்ந்து மூன்று ஆண்டுகள் எம்.சி.எல்.ஏ. பட்டத்தை வென்றது. கிளப் உலகில் அதற்கு எட்டாத உயரம் என்று எதுவும் மிஞ்சவில்லை. பிறகு பல்கலைக்கழகம் அதைத் தன் அதிகாரபூர்வ அணியாக ஏற்றுக்கொள்ள, 2012-இல் முதல்நிலைப் பல்கலைக்கழக அணிகளோடு களமிறங்கியது. முதல் பருவத்தில் ஒரே ஒரு வெற்றி, 13 தோல்வி. மூன்று பட்டங்கள் மறைத்து வைத்திருந்த ஓர் உண்மையை அந்த 13 தோல்விகள் சொல்லிவிட்டன. 2023-இல் அதே மிச்சிகன் பிக் டென் மண்டலப் பட்டத்தை வென்றது. மறு ஆண்டும் வென்றது. தோல்விதான் அவர்களை வளர்த்தது என்று இங்கே ஒரு கோடு இழுத்துவிடத் தோன்றும். அது நேர்மையான வாதமாகாது. இடையில் பணம் வந்தது, உதவித்தொகை வந்தது, நாடெங்கிலுமிருந்து ஆட்களைத் திரட்டும் வாய்ப்பு வந்தது. கடுமை தானாக யாரையும் வளர்ப்பதில்லை. எவ்வளவு வளர வேண்டியிருக்கிறது என்பதைக் காட்டும், அவ்வளவே. உரைகல் மாற்றுச் சொல்லுமே தவிர, பொன்னைச் செய்யாது.

இங்கே ஒரு மறுப்பு எழும், எழுவது நியாயம். எல்லோரும் மிச்சிகன் அல்ல. இருபது பேரைச் சேர்ப்பதே பெரும்பாடாக இருக்கும் சிறு கிளப், இருபது கோல் வித்தியாசத்தில் தோற்றுவிட்டு வீடு திரும்பினால் எந்த உண்மையைக் கற்றிருக்கும்? அடுத்த வாரம் பயிற்சிக்குப் பாதிப் பேர் வரமாட்டார்கள். இந்த மறுப்பை ஏற்கிறேன். ஆனால் இது என் வாதத்தைத் தகர்ப்பதாகத் தெரியவில்லை, அதன் எல்லையைக் காட்டுகிறது. எதிரணி ஆட்டத்தின் உயிர் என்றால், இரண்டு பக்கமும் முயல வேண்டிய நிலை இருக்க வேண்டும். ஒரு பக்கம் முயன்றும் பயனில்லை, மறு பக்கம் முயலத் தேவையே இல்லை என்ற இடத்தில் எதிராளி என்று யாரும் இல்லை. இருவரும் தனித்தனியாக ஒரே மைதானத்தில் நேரத்தைப் போக்குகிறார்கள். அங்கே நட்டம் வென்றவருக்கும் உண்டு. வரிசைக்கு ஓர் எண் சேர்க்க மட்டும் சிறிய அணியை அழைப்பவர், சந்தா கட்டிய தம் ஆட்களுக்கே ஒரு ஞாயிற்றுக்கிழமையை வீணாக்கிக் கொடுக்கிறார். சமவலி என்று சொல்வோமே, அதற்கு அருகில் நிற்பவனைத்தான் தேட வேண்டும். சற்று மேலே நின்றால் இன்னும் நல்லது.

இனி நாள்காட்டியின் கடுமை. இதன் வேர் தத்துவத்தில் இல்லை, தூரத்திலும் பணத்திலும் இருக்கிறது. மேற்கு அமெரிக்காவில் ஒரு நல்ல எதிரணிக்கும் அடுத்த நல்ல எதிரணிக்கும் நடுவே பல நூறு மைல் கிடக்கும். அவ்வளவு தூரம் போனபின் ஒரே ஆட்டத்தோடு திரும்புவது கட்டாது. ஆகவே ஒரு பயணத்தில் இரண்டு, வசந்தகால விடுமுறையில் மூன்று என்று ஆட்டங்களை நெருக்கிக் கட்டுகிறார்கள். தேசியப் போட்டியின் நான்கு சுற்றுகளையும் பல ஆண்டுகள் ஒரே வாரத்துக்குள் ஆடி முடித்ததற்கும் காரணம் இதுவே. பலமான எதிரணி வேண்டும் என்ற நல்ல ஆசை, செலவைக் கட்டுப்படுத்த வேண்டும் என்ற நியாயமான அவசியத்தோடு சேர்ந்து, எவரும் வேண்டுமென்று தேர்ந்தெடுக்காத மூன்றாவது ஒன்றைப் பெற்றெடுக்கிறது. அதிகாரபூர்வப் பல்கலைக்கழக அணிகளுக்காவது ஒரு வேலி உண்டு. பருவத்தின்போது அணிச் செயல்பாடுகள் வாரத்துக்கு 20 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை ஆளும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு 1990-களின் தொடக்கத்திலேயே விதி செய்தது. எவ்வளவு தூரம் அது மதிக்கப்படுகிறது என்பது வேறு பேச்சு. வேலி என்ற எண்ணமாவது இருக்கிறது. அந்த அமைப்புக்கு வெளியே நிற்கும் கிளப் மாணவனுக்கு அதுவும் இல்லை. அதிகாரபூர்வ அணிகளில் உள்ள பாடத்துணை ஆசிரியர்கள், முழுநேர உடற்காப்பு நிபுணர்கள் எல்லாம் பெரும்பாலும் அவனுக்குக் கிடைப்பதில்லை. காக்கும் ஏற்பாடு மிகக் குறைவாக உள்ள இடத்தில்தான் அட்டவணையைப் பற்றிய பெருமிதம் மிக அதிகமாகப் பேசப்படுகிறது.

ஓய்வின்மை உடலை என்ன செய்கிறது என்பது ஊகம் அல்ல. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஷெரி மா என்ற ஆய்வாளரும் சகாக்களும் 11 கூடைப்பந்து வீரர்களை இரவில் பத்து மணி நேரம் படுக்கையில் இருக்கச் சொல்லிப் பல வாரங்கள் கவனித்து, முடிவை 2011-இல் வெளியிட்டார்கள். ஓட்டம் விரைவானது, தடையில்லா எறிதல்களின் துல்லியம் 9 சதவீதம் கூடியது. சிறிய ஆய்வுதான், பெரிய கோட்டை கட்ட அது போதாது. ஆனாலும் சோர்ந்தவன் தன் ஆட்டத்தை ஆடுவதில்லை, தன் ஆட்டத்தின் நிழலை ஆடுகிறான் என்ற பொது அனுபவத்தோடு அது ஒத்துப்போகிறது. சோர்ந்த இரண்டு அணிகள் மோதும் மூன்றாம் நாள் ஆட்டத்தில் உரைகல்லே பழுதாகிவிடுகிறது. எவன் வலியவன் என்பது அங்கே தெரிவதில்லை. எவனிடம் மாற்று ஆட்கள் அதிகம் என்பதுதான் தெரிகிறது. எதிரணியின் கடுமை எதற்காக நல்லதோ அதையே நாள்காட்டியின் கடுமை அழித்துவிடுகிறது. இரண்டும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் அல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான ஆதாரம் வேண்டியதில்லை.

அரிஸ்டாட்டில் தம் 'அரசியல்' நூலின் இறுதிப் பகுதியில் இதைத் தொட்டுச் செல்கிறார். சிறுவராக ஒலிம்பியாவில் வென்று பெரியவராகவும் வென்றவர்கள் இரண்டு மூன்று பேருக்கு மேல் இல்லை, இளமையில் கட்டாயப் பயிற்சி அவர்களின் வலிமையை உறிஞ்சிவிட்டது என்கிறார். அடுத்து அவர் சொல்வது மாணவ விளையாட்டுக்கென்றே சொன்னதுபோல் இருக்கிறது: மனத்தையும் உடலையும் ஒரே நேரத்தில் வருத்தக் கூடாது, உடலின் உழைப்பு மனத்தைத் தடுக்கும், மனத்தின் உழைப்பு உடலைத் தடுக்கும். உழைப்பே வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. ஒவ்வோர் உழைப்புக்கும் அதற்கான காலம் உண்டு என்கிறார். கிளப் மாணவன் பட்டம் வாங்க வந்தவன். அவனுடைய ஏப்ரல் மாதத்தில் இரண்டு உழைப்புகளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்துகொள்கின்றன.

சமயத்தின் பக்கமிருந்து வரக்கூடிய மறுப்பு இதைவிடக் கனமானது. தவம் எப்போது வசதியாக இருந்தது? தூக்கமின்மை, பசி, நடை இவற்றின் வழியே மனிதன் தன்னைக் கடக்கிறான் என்று எத்தனையோ மரபுகள் சொல்லவில்லையா? பேருந்தில் உறங்கி எழுந்து ஆடுவதும் ஒரு நோன்பாக இருக்கட்டுமே என்று கேட்கலாம். இந்த ஆட்டத்தின் சொந்த மரபே இதற்குப் பதில் வைத்திருக்கிறது. செரோக்கி மக்களின் பந்தாட்டத்தைப் பற்றி ஜேம்ஸ் மூனி என்ற ஆய்வாளர் 1890-இல் எழுதிய கட்டுரையில், ஆட்டத்துக்கு முன் வீரர்கள் மேற்கொள்ளும் நோன்பு விவரமாக வருகிறது. சில உணவுகள் விலக்கு. முயல் பயந்த பிராணி என்பதால் முயல் இறைச்சி ஆகாது. ஆற்றங்கரைக்குப் போய்ச் சடங்கு செய்வார்கள். கூரிய பற்கள் கொண்ட கருவியால் உடம்பில் கீறிக்கொள்வார்கள். கடுமையான நோன்பு, சந்தேகமில்லை. ஆனால் ஒவ்வொரு வருத்தத்துக்கும் அர்த்தம் உண்டு, தொடக்கமும் முடிவும் உண்டு, நடத்திவைக்கும் பெரியவர் உண்டு. எல்லாமே ஆட்ட நாளில் வீரன் முழு வலிமையோடு நிற்பதற்காக. நோன்புக்கும் பட்டினிக்கும் உள்ள வேறுபாடு வயிற்றுக்குத் தெரியாது. ஆனால் மனிதனுக்குத் தெரியும். விமானக் கட்டணம் கூடியதால் மூன்று நாளில் மூன்று ஆட்டம் என்று ஆனதை நோன்பு என்று அழைத்தால், நோன்பு என்ற சொல்லைத்தான் இழக்கிறோம்.

இதற்கு மறுபக்கமாக பிரிகாம் யங் பல்கலைக்கழகம் இருக்கிறது. யூட்டா மாநிலத்தில் மார்மன் திருச்சபை நடத்தும் அந்தப் பல்கலைக்கழகத்தின் எந்த அணியும் ஞாயிற்றுக்கிழமை ஆடாது. அதன் லாக்ரோஸ் அணி கிளப் அணி. வார இறுதியில்தான் ஆட்டங்கள் நடக்கும் உலகில், வார இறுதியின் பாதியைத் தானாகவே விட்டுக்கொடுத்த அணி அது. அப்படியிருந்தும் 1997, 2000, 2007, 2011 ஆண்டுகளில் தேசியக் கிளப் பட்டத்தை வென்றது. ஓய்வுநாள் அனுசரித்ததால் வென்றார்கள் என்று சொல்ல மாட்டேன். அவர்களுடைய வெற்றிக்கு வேறு பல காரணங்கள் இருக்கும். நாள்காட்டிக்கு ஓர் எல்லை கட்டினால் ஆட்டத்தின் தரம் தாழ்ந்துவிடும் என்ற அச்சத்துக்கு ஆதாரம் இல்லை என்பது மட்டும் இதிலிருந்து தெரிகிறது. இன்னொன்றும் தெரிகிறது. ஓய்வுநாளின் சமயப் பொருள் களைப்பாறுவது மட்டுமல்ல. காலம் முழுவதும் எனக்குச் சொந்தம் அல்ல என்று ஒப்புக்கொள்வது. அந்த ஒப்புதலைப் பிரார்த்தனை மொழியில் சொல்லாதவரும் வேறு மொழியில் சொல்ல முடியும். மாணவனின் வாரத்தில் அட்டவணை தொடக் கூடாத பகுதி ஒன்று உண்டு என்று ஒரு கிளப் முடிவு செய்ய அதற்குத் திருச்சபை தேவையில்லை.

கடைசியாக, எல்லோரும் விரும்பித்தானே சேர்ந்தார்கள் என்பார்கள். யாரும் கட்டாயப்படுத்தவில்லை, சந்தா கட்டினார்கள், கையெழுத்துப் போட்டார்கள், பிடிக்காவிட்டால் விலகலாம். விருப்பம் என்பது சூட்ஸின் இலக்கணத்திலேயே விளையாட்டின் உயிர்நாடி என்பதால் இதை லேசாகத் தள்ள முடியாது. ஆனால் அவன் எதற்குச் சம்மதித்தான் என்று பார்க்க வேண்டும். தன்னைவிட வேகமாக ஓடுகிறவனை எதிர்கொள்ளச் சம்மதித்தான். அந்தச் சம்மதம் ஒவ்வோர் ஆட்டத்திலும் புதுப்பிக்கப்படுகிறது, எதிரே நிற்பவனும் அதையே திருப்பித் தருகிறான். நாள்காட்டியோடு அப்படிப்பட்ட உறவு எதுவும் கிடையாது. அது எல்லோர் மீதும் ஒரே சுமையை ஏற்றுவதுபோல் தெரியும். ஏறுவது ஒரே சுமை அல்ல. வீட்டிலிருந்து பணம் வருகிறவனுக்கு வெள்ளிக்கிழமைப் பயணம் ஒரு பயணம். மாலையில் வேலை பார்த்துச் சந்தா கட்டுகிறவனுக்கு அதே பயணம் இழந்த கூலி. ஆய்வுக்கூட வகுப்புள்ள பொறியியல் மாணவனுக்கு அது தவறவிட்ட பரிசோதனை. இவர்களில் சிலர் நடுப்பருவத்தில் சத்தமில்லாமல் விலகுகிறார்கள். விலகியவன் பலவீனன் என்று மற்றவர்கள் முடிவு செய்கிறார்கள். அவனோ எதிரணி எதனிடமும் தோற்கவில்லை. எதிரணியையும் அந்த எதிரணியின் எதிரணிகளையும் எண்ணி எடை போடத் தெரிந்த சூத்திரங்களில், மார்ச் மாதத்தில் சீருடையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனவனுக்கு ஒரு கட்டமும் இல்லை.